சர்க்கஸில் உங்கள் கண் யார் மேல் இருக்கும்? அனுபவம் சொல்லுங்கள்

மதுரைக்காரன்:
சிங்கம், புலி எல்லாம் போன பிறகு சர்க்கஸில் பார்க்க என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு எதையும் வித்தைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1998-ல் மத்திய அரசு தடை போட்டது, 2001-ல் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. நான் காசு கொடுத்துப் போவதே உயரத்தில் ஊஞ்சலுக்கு ஊஞ்சல் தாவுகிற பார் விளையாட்டுக்குத்தான்.

தமுக்கம் மைதானத்தில் கூடாரம் போட்டிருந்தபோது கேலரியில் பக்கவாட்டில் இடம் கிடைத்தது. எல்லாரும் பறந்து வருகிற பெண்ணையே பார்க்க, என் கண் மட்டும் எதிர் ஊஞ்சலில் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த ஆள் மேல் போய் நின்றுவிட்டது. நாற்பதைத் தாண்டியவர், லேசாகத் தொந்தி, முகத்தில் சிரிப்பே கிடையாது. ஆடி ஆடி ஒரு கணக்கு பிடித்துக்கொண்டு சின்னதாக ஒரு குரல் கொடுக்கிறார், அதற்கப்புறம்தான் அந்தப் பெண் பலகையை விட்டுக் கால் எடுக்கிறாள். விரலைப் பிடிப்பதில்லை, மணிக்கட்டைத்தான் பிடிக்கிறார்கள்; பிடித்த அந்த நொடியில் நாலு கையிலிருந்தும் வெள்ளைப் பொடி பறந்தது. பறப்பவர் எட்டிப் பிடிக்கப் பார்க்கவே கூடாதாம், கையை நீட்டிக் கொடுத்தால் போதும், பிடிப்பது முழுக்க எதிரில் தொங்குகிறவர் பொறுப்பு. ஆனால் கைதட்டல் என்னவோ அவளுக்குத்தான்!

சும்மாஒருத்தி:
எனக்கு ஜோக்கர்தான். எல்லாரும் ஒழுங்காகத் தாவி முடித்ததும் தொளதொள பேண்ட்டோடு கடைசியாக வந்து, ஊஞ்சலைத் தவறவிட்டு, பேண்ட் அவிழ்ந்து, வலையில் பொத்தென்று விழுவாரே, அது. என் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விழுவதற்கும் தனிப் பயிற்சி உண்டு, கால் ஊன்றி விழுந்தால் கணுக்கால் போய்விடும், முதுகு படத்தான் விழ வேண்டும். அந்த ஆள் கோணல்மாணலாக வந்து கடைசி நொடியில் சரியாக முதுகில் விழுந்தார், இத்தனைக்கும் பார்ப்பவர்களுக்கு அது தடுமாற்றமாகவே தெரிய வேண்டும்.

கோவை ரயில்:
வேலை விஷயமாகக் கேரளாவில் தலச்சேரிப் பக்கம் இருந்திருக்கிறேன். இந்திய சர்க்கஸுக்கு அதுதான் தாய்வீடு, கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-ல் அங்கே பயிற்சிப் பள்ளி தொடங்கினார், அவர் சீடர் கண்ணன் பொம்பாயோ கயிற்றின் மேல் குட்டிக்கரணம் போட்டே வெளிநாடுகளில் பேர் வாங்கினார். 1951-ல் ஜெமினி சர்க்கஸை ஆரம்பித்த சங்கரனும் அந்தப் பக்கத்துக்காரர்தான். டீக்கடையில் பழக்கமான ஒரு பெரியவர் பழைய பார் ஆட்டக்காரர். பயமாக இருக்காதா என்று கேட்டேன், பதிலே சொல்லாமல் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். விரல் அடியில் வரிசையாகக் காய்ப்பு, ஆட்டத்தை விட்டு எத்தனையோ வருஷமாகியும் போகவில்லை.

வெள்ளிமலை:
மன்னிக்கவும், எல்லாரும் ரசித்துப் பேசும்போது குறுக்கே வருகிறேன். சின்ன வயதில் நான் பார்த்த சர்க்கஸில் என்னைவிடச் சின்னப் பிள்ளைகள் உடம்பை வளைத்தார்கள், எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. 2011-ல் சர்க்கஸில் குழந்தைகளை வைத்து வித்தை காட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் தடை சொன்ன பிறகுதான் நிம்மதியாகப் போய் உட்கார முடிகிறது. பெரியவர்கள் தெரிந்தே செய்கிற வித்தைதான் எனக்கு வித்தை.

மதுரைக்காரன்:
@வெள்ளிமலை நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். அடுத்த தடவை போனால் எல்லாரும் பக்கவாட்டு கேலரியில் உட்காருங்கள், முன்வரிசை நாற்காலிக்கு அதிகக் காசு கொடுத்தால் கழுத்து வலிதான் மிச்சம்.