விடிஆர்எல் ரியாக்டிவ் என்றால் எந்தக் குறியீடு?

நான் ஒரு மருத்துவமனையின் மருத்துவ ஆவணப் பிரிவில் பணிபுரிகிறேன். டிஸ்சார்ஜ் ஆனவர்களின் கேஸ் ஷீட்டைப் படித்து, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 வகைப்பாட்டின்படி குறியீடு இடுவது எங்கள் வேலை. சிபிலிஸ் எனப்படும் மேகநோய்க்கு அதில் ஏ50 முதல் ஏ53 வரை நான்கு தலைப்புகள் உள்ளன. ஆனால் கேஸ் ஷீட்டில் 'விடிஆர்எல் ரியாக்டிவ்' (சிபிலிஸைக் கண்டறிய முதலில் செய்யும் இரத்தப் பரிசோதனை பாசிட்டிவ்) என்று மட்டும் எழுதியிருந்தால், எந்தத் தலைப்புக்குப் போவது என்பதே பெரும்பாடாகிவிடும்.

பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண்ணின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இப்படித்தான் இருந்தது. எங்கள் பிரிவின் இளம் ஊழியர் ஏ53.0 போட்டு, கர்ப்பகால சிபிலிஸுக்கான ஓ98.1-ஐயும் சேர்த்திருந்தார். ஏ53.0-இன் கீழேயே 'சிபிலிஸுக்கான இரத்தப் பரிசோதனை பாசிட்டிவ்' என்று அச்சாகியிருப்பதால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கேஸ் ஷீட்டின் பின்பக்கம் குத்தப்பட்டிருந்த லேப் சீட்டில் விடிஆர்எல் அளவு 1:2 என்றும் (மிகக் குறைவு), சிபிலிஸ் கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைத் தேடும் டிபிஹெச்ஏ பரிசோதனை நெகட்டிவ் என்றும் இருந்தது. விடிஆர்எல் தேடுவது கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளை அல்ல. கார்டியோலிபின் என்ற கொழுப்புக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருளை. ஆகவே கர்ப்பம், மலேரியா, லூபஸ் (உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நோய்) போன்ற நிலைகளிலும் அது பொய்யாக ரியாக்டிவ் காட்டக்கூடும். அதற்கென்றே ஆர்76.2 என்ற தனிக் குறியீடு இருக்கிறது. லேப் சீட்டை வைத்து நோயை முடிவு செய்யும் உரிமை எங்களுக்கு இல்லாததால் மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் 'பால்ஸ் பாசிட்டிவ்' என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகே இரண்டு குறியீடுகளையும் நீக்கி ஆர்76.2 இட்டோம். காப்பீட்டுப் படிவத்தில் பால்வினை நோய் என்று போயிருந்தால் அந்தக் குடும்பத்தில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

'லேட்டன்ட் சிபிலிஸ்' (அறிகுறி இல்லாமல் மறைந்திருக்கும் சிபிலிஸ்) என்று மட்டும் எழுதும் மருத்துவர்களும் உண்டு. தொற்றி இரண்டு ஆண்டுகளுக்குள் என்றால் ஏ51.5, அதைத் தாண்டினால் ஏ52.8. வாரம் ஒன்றாக மூன்று பென்சதீன் பென்சிலின் ஊசி போட்டிருப்பதைப் பார்த்து, பிற்கட்டம்தான் என்று ஏ52.8 போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தொற்றிய காலம் தெரியாதவர்களுக்கும் அதே மூன்று ஊசிதான் என்பதால் இந்த ஊகம் செல்லாது. மருத்துவரிடம் கேட்டும் காலம் தெரியவில்லையென்றால், முற்கட்டமா பிற்கட்டமா என்று குறிப்பிடாத லேட்டன்ட் சிபிலிஸுக்கும் உரிய ஏ53.0 என்றே விட்டுவிடுகிறோம்.