கலைச்சொல் வேண்டுகோள்: 'ஆல்பம் ஓப்பனர்'

மடல் 1 – மொழிபெயர்ப்பாளர்

குழுவினர்க்கு வணக்கம். ஹார்ட் ராக் என்னும் முழக்கமான ராக் இசையின் வரலாற்று நூலொன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போகிறது. இசைத்தொகுப்பின் (ஆல்பத்தின்) முதல் பாடலை அத்துறையினர் 'ஓப்பனர்' என்கிறார்கள். வரிசையில் முதலில் நிற்பதால் மட்டும் ஒரு பாடல் சிறந்த ஓப்பனர் ஆகிவிடுவதில்லை. ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார்; பிரையன் ஜான்சன் அவருடைய இடத்துக்கு வந்தார். அவ்வாண்டு ஜூலையில் வெளியான 'பேக் இன் பிளாக்' தொகுப்பைத் தொடங்கும் 'ஹெல்ஸ் பெல்ஸ்' பாடலில் முதலில் பெருமணி மட்டுமே ஒலிக்கிறது; பிறகு கிட்டார், அதன்பின் டிரம்ஸ். புதியவரின் குரலைக் கேட்க ஒரு நிமிடத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும். மறைந்தவருக்கான இரங்கலும் வந்தவருக்கான அறிமுகமும் அந்தக் காத்திருப்பிலேயே நடந்துவிடுகின்றன. 'தொடக்கப் பாடல்' என்றால் இவை எவையும் வரவில்லையே?

மடல் 2 – ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

நூலின் முகவுரையைக் குறிக்கும் 'பாயிரம்' இருக்க வேறு சொல் எதற்கு? 'ஆயிர முகத்தான் அகன்ற தாயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே' என்பது நன்னூல். பயிர்தல் என்றால் அழைத்தல். பறவை தன் துணையை அழைப்பதையும் சங்கப் பாடல்கள் பயிர்தல் என்றே சொல்கின்றன. பாயிரம் அவ்வேரிலிருந்து பிறந்தது என்பதே என் துணிபு. கேட்பவரை அழைக்கும் பாடலுக்குப் 'பாயிரப் பாடல்' என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

மடல் 3 – இசை ஆசிரியை

ஐயா, வேர் எதுவாயினும் பாயிரம் நூலைப் பற்றிப் பேசுவது. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்ததுபோல அதைப் பிறரும் பாடலாம். ஓப்பனரோ தொகுப்புக்கு உள்ளே நிற்பது. டீப் பர்ப்பிள் குழு 1972-இல் வெளியிட்ட 'மெஷின் ஹெட்' தொகுப்பின் முதல் பாடலான 'ஹைவே ஸ்டார்' எதையும் முன்னறிவிப்பதில்லை. கருவிகள் ஒரே துடிப்பில் ஏறிக்கொண்டே போக, பாடகர் இயன் கில்லனின் கூவல் எழும்பி வந்து பாட்டைத் திறக்கிறது. குழுவின் முழு வலிமையும் அங்கேயே வெளிப்பட்டுவிடுகிறது. பல்லவியை 'எடுப்பு' என்னும் மரபு நமக்குண்டு. 'எடுப்பான குரல்' என்று மக்களும் சொல்கிறார்கள். ஆகவே 'எடுப்புப் பாடல்' என்பது என் பரிந்துரை.

மடல் 4 – ஒலிப்பதிவாளர்

தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தையும் எடுப்பு என்கிறோமே. ஒரே சொல்லின்மேல் மூன்றாம் பொருளையும் ஏற்ற வேண்டுமா? 'தலைப்பாடல்' என்றாலோ தொகுப்பின் பெயரைத் தாங்கிய பாடலோடு குழம்பும்.

இன்னொன்றையும் கருத வேண்டும். அக்காலத் தொகுப்புகள் இருபக்க இசைத்தட்டுகளாக வந்தன. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில் சுழல்வதால், ஒவ்வொரு சுற்றிலும் ஊசி கடக்கும் நீளம் வெளி விளிம்பில்தான் மிகுதி. கூரிய ஒலிகள் அங்கே தெளிவாகப் பதிகின்றன, மையத்தை நெருங்க நெருங்க மங்குகின்றன. எனவே முழக்கமான பாடலைப் பக்கத்தின் முதலில் வைப்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. 'பேக் இன் பிளாக்' என்ற பாடலே இரண்டாம் பக்கத்தைத் தொடங்குகிறது. அதற்கும் ஒரு பெயர் தேவை. 'தொடக்கப் பாடல்', 'பக்கத் தொடக்கப் பாடல்' என்றால் பள்ளி மாணவருக்கும் விளங்கும். பாடலின் சிறப்பைக் கட்டுரை சொல்லட்டும். எல்லாவற்றையும் சொல்லின் தலையில் சுமத்த வேண்டியதில்லை.

மடல் 5 – மொழிபெயர்ப்பாளர்

கருத்துரைத்த அனைவருக்கும் நன்றி. தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் 'தொடக்கப் பாடல்' பக்கமே நிற்கிறார்கள். நூலில் அதையே ஆள்கிறேன். ஆயினும் 'ஹைவே ஸ்டார்' பற்றிய பத்தியில் மட்டும் 'எடுப்பான தொடக்கம்' என்று எழுதியிருக்கிறேன். அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

மடல் 6 – ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பெரும்பான்மை வேறு, பொருத்தம் வேறு. பனம்பாரனார் பற்றிய மறுப்புக்கு விடை எழுதிக்கொண்டிருக்கிறேன். தற்சிறப்புப் பாயிரம் நூலாசிரியரே பாடுவது என்பதிலிருந்து தொடங்குவேன். இரண்டாம் பதிப்புக்கு முன் அனுப்புகிறேன்.