கேப் மே மர வீடு: கடல் பக்கப் பெயின்ட் ஏன் உரிகிறது?

கேள்வி: நியூ ஜெர்சி கேப் மேயில் 1880களின் மர வீடு. கடலைப் பார்த்த சுவரில் பெயின்ட் இரண்டே வருடத்தில் செதில் செதிலாக உரிகிறது. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தால் போதுமா?

பதில் 1: போதாது. உரிந்த இடத்தை உற்றுப் பாருங்கள். வெறும் மரம் தெரிந்தால், பெரும்பாலும் ஈரம் உள்ளிருந்து தள்ளுகிறது. பழைய பெயின்ட் தெரிந்தால், உப்புப் படிவத்தின் மேலேயே அடித்திருக்கலாம். நல்ல தண்ணீரில் கழுவி, மரத்தின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கியபிறகே பிரைமர் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு). பலகையின் வெட்டுமுனைகளுக்கும் பிரைமர் அடிக்க மறக்காதீர்கள், மரம் தண்ணீர் குடிப்பது அங்கேதான்.

பதில் 2: 1978க்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம், நச்சுத் தூசி கிளம்பும். தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். பலகைகளின் கீழ்விளிம்பில் உள்ள இடைவெளியை அடைக்காதீர்கள், ஈரம் வெளியேறும் வழி அது.

பதில் 3: நிறத்தை மாற்றுவதானால், முதலில் நகர வரலாற்றுப் பாதுகாப்பு ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள்.