மோட்டார் புதுசு, கப்ளிங் பழசு: எர்ணாவூர் லேத் அனுபவம்

எர்ணாவூர் ஜாப்வொர்க்:

பழைய சிஎன்சி லேத்துக்கு (கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடும் கடைசல் மெஷின்) புது சர்வோ (சொன்ன இடத்தில் துல்லியமாக நிற்கும் மோட்டார்) போட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள் என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் முழங்கால் அளவு உள்ளே வந்துவிட்டது. வெறும் மழைத்தண்ணீர் இல்லை, எண்ணெய் மிதந்த தண்ணீர். எங்கள் லேத் தொண்ணூறுகளில் வந்த சாய்ந்த பெட் மெஷின், எக்ஸ் (விட்டம்), இசட் (நீளம்) என்ற இரண்டு அச்சிலும் டிசி சர்வோ. இசட் மோட்டார் கீழே ஓரத்தில் இருப்பதால் அதுதான் முழுகியது. காயவைத்து, கம்யூட்டேட்டரைச் சுத்தம் செய்து, கார்பன் பிரஷ் மாற்றி ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினோம். அப்புறம் மோட்டாரை ஓட்டும் டிரைவ் கார்டும் போயிற்று. ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து பாகம் வாங்கி இரண்டு தடவை சரி பார்த்தோம், நிற்கவில்லை. இரண்டு அச்சுக்கும் ஏசி சர்வோ போட முடிவு செய்தோம்.

கண்ட்ரோல் (புரோகிராமை ஓட்டும் கம்ப்யூட்டர்) நன்றாக இருந்ததால் அதைக் கழற்றவில்லை. அது கொடுப்பது பிளஸ் மைனஸ் 10 வோல்ட் வேகக் கட்டளை. அதை வாங்கிக்கொண்டு, என்கோடர் (மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று எண்ணும் சென்சார்) பல்ஸைக் கண்ட்ரோலுக்குத் திருப்பி அனுப்பும் டிரைவ்தான் வேண்டும். விலை குறைந்த டிரைவ்களில் பல, பல்ஸும் திசையும் மட்டுமே வாங்கும். வாங்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். எங்கள் டிரைவ் 220 வோல்ட். 415-ஐ இறக்க டிரான்ஸ்பார்மரும் வாங்க வேண்டியிருந்தது.

மோட்டாரைக் கழற்றியிருந்தபோது எங்கள் ஃபிட்டர் அண்ணன் ஸ்லைடைத் தள்ளும் பால்ஸ்க்ரூவைக் கையால் சுற்றி, டயல் (முள் காட்டும் அளவுகருவி) வைத்துப் பார்த்தார். இசட்டில் 0.06 மி.மீ. லூஸ். "மோட்டார் மாத்தினா இது போவாது தம்பி" என்றார். பேரிங் லாக்நட் தளர்ந்திருந்தது. இறுக்கியதும் 0.015-க்கு வந்தது. அந்த ஒரு மணி நேரம்தான் இந்த வேலையிலேயே எனக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது.

தப்பு நடந்தது, மோட்டாரையும் பால்ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கில். பழைய மோட்டார் ஷாஃப்ட் 24 மி.மீ., புதுசு 22. கப்ளிங் நல்லா இருக்கே என்று நான்தான் ஒரு ஸ்லீவ் கடைந்து, வெட்டுவிட்டு, உள்ளே சொருகி இறுக்கச் சொன்னேன். முதல் நாள் அருமையாக ஓடியது. இரண்டாவது நாள் ஜாப்பின் நீளம் ஓட ஆரம்பித்தது. காலையில் ஆஃப்செட் (டூல் இடத் திருத்தம்) போட்டால் மதியம் 0.1 மி.மீ. வித்தியாசம், சாயங்காலம் இன்னும் கூட. விட்டம் மட்டும் சரியாக வந்தது. டிரைவில் அலாரம் இல்லை, திரையில் எண் சரி. டிரைவின் கெயினை (எவ்வளவு வேகமாகத் திருத்தும் என்ற அளவை) கூட்டினேன், குறைத்தேன். சிக்னலில் நாய்ஸ் என்று நினைத்து கேபிளை மாற்றினேன். டிரைவ் விற்றவரைப் போனில் திட்டியும்விட்டேன். அவர் மேல் தப்பே இல்லை.

ஃபிட்டர் அண்ணன் மார்க்கர் பேனா எடுத்து ஷாஃப்ட், ஸ்லீவ், கப்ளிங் மூன்றுக்கும் குறுக்கே ஒரே கோடு போட்டார். ஷிஃப்ட் முடிந்து கவரைத் திறந்தால், கப்ளிங்கிலும் ஸ்லீவிலும் கோடு நேராக இருக்கிறது, ஷாஃப்டில் மட்டும் 2 மி.மீ. தள்ளி நிற்கிறது. அன்றைக்கு ஜாப்பின் நீளம் ஓடியிருந்தது 0.3 மி.மீ. பால்ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. போகும், 22 மி.மீ. ஷாஃப்டின் சுற்றளவு சுமார் 69. 0.3-ஐ 10-ஆல் வகுத்து 69-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 2 மி.மீ. வரும்.

என்கோடர் மோட்டாரின் முதுகில் இருக்கிறது. மோட்டார் சரியாகச் சுற்றியதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். கப்ளிங் வழுக்கினால் டிரைவும் கண்ட்ரோலும் "எல்லாம் சரி" என்றுதான் சொல்லும். பழைய டிசி மோட்டார் மெதுவாக எழும்பும். புதுசு ஒரு நொடிக்குள் தன் சாதாரண டார்க்கை (சுழற்றும் விசை) போல இரண்டு, மூன்று மடங்கு கொடுக்கும். ரேபிடில் (வெட்டாமல் வேகமாக) போய் நிற்கும் ஒவ்வொரு தடவையும் ஸ்லீவ் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியிருக்கிறது.

மோட்டார் பக்கம் 22 துளையுள்ள கிளாம்ப் கப்ளிங் வாங்கி, டயலில் நேர் பார்த்து, டார்க் ரெஞ்சால் இறுக்கினோம். அதற்கப்புறம் நீளம் அசையவில்லை. மார்க்கர் கோடு இன்னும் அழியாமல் இருக்கிறது, வாரம் ஒரு தடவை பார்க்கிறேன்.

வியாசர்பாடி ஃபிட்டர்:

சாய்ந்த பெட் என்பதால் ஒன்று சொல்லணும் அண்ணா. எங்களுக்கு எக்ஸ் மோட்டார் பிரேக் இல்லாமல் வந்துவிட்டது, நாங்களும் கவனிக்கவில்லை. எமர்ஜென்சி அழுத்தின உடனே டரட் (டூல்களைப் பிடிக்கும் தலை) தானாக இறங்கி, டூல் ஜாப்பில் மோதி இன்சர்ட் (வெட்டும் முனை) சிதறியது. பக்கத்தில் பையன் ஒருவன் நின்றிருந்தான், ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு என் கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கு. எக்ஸுக்கு 24 வோல்ட் பிரேக் உள்ள மோட்டார்தான் வாங்கணும். சர்வோ ஆன் ஆகி மோட்டார் பிடித்த பிறகுதான் பிரேக் விடணும். அந்த சிக்னல் டிரைவிலேயே இருக்கும், ரிலே வழியாக எடுங்கள். மோட்டாரைக் கழற்றும்போது ஸ்லைடுக்குக் கீழே மரக்கட்டை கொடுக்காமல் போல்ட்டில் கை வைக்காதீர்கள்.

திருவொற்றியூர் எலக்ட்ரீஷியன்:

நம்ம பக்கம் கடல் காற்று. ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும் என்கோடர் அலாரம் வந்தால் முதலில் எர்த் லக்கைக் கழற்றிப் பாருங்கள். மேலே பளபள என்று இருக்கும், அடியில் பச்சைப் பொடி. ஒரு மெஷினில் அதைச் சுரண்டி, கேபிளின் ஷீல்டைச் சரியாகக் கிளாம்ப் பண்ணினதும் அலாரம் நின்றது.

எர்ணாவூர் ஜாப்வொர்க்:

வியாசர்பாடி தம்பிக்கு நன்றி. எங்கள் எக்ஸ் மோட்டாரில் பிரேக் உண்டு, ஆனால் தனியாகச் சோதித்ததில்லை. நீங்கள் எழுதினதைப் படித்ததும் இன்று காலை சக்கில் ஜாப் இல்லாமல் டரட்டை மேலே நிறுத்தி, டயல் வைத்து எமர்ஜென்சி அழுத்தினேன். 0.02 இறங்கி நின்றுவிட்டது. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தேன், முள் அங்கேயேதான் இருந்தது.