பொருள்: 'ஹோர்னட்'டுக்குத் தமிழ் (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

வெள்ளவத்தையிலிருந்து, செவ்வாய் காலை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தொடர்மாடிக் குடியிருப்பாளர் சங்கம், வீட்டைச் சுற்றித் திரியும் பெரிய குளவிகளை எப்படி இனங்காண்பது என்று ஒரு துண்டுப்பிரசுரம் போடுகிறது. தமிழ் என் தலையில். ஆங்கிலத்தில் 'வாஸ்ப்' என்பது பொதுப்பெயர், 'ஹோர்னட்' அதில் ஒரு பெரிய வகை. சிங்களத்தில் எழுதியவர் இரண்டையும் 'தெபரா' என்று முடித்துவிட்டார். நானும் இரண்டுக்கும் 'குளவி' போட்டேன். இரண்டாம் பந்தியில் இப்படி வந்து நிற்கிறது: "குளவிகள் எல்லாம் குளவிகளே, ஆனால் குளவிகள் எல்லாம் குளவிகள் அல்ல."

போதாததற்கு ஓரிடத்தில் ளகரம் ழகரமாகி, "குழவியைக் கண்டால் சத்தம் போடாமல் விலகிச் செல்லுங்கள்" என்று கிடந்தது. மகள் இன்னும் சிரிக்கிறாள். ஒரு சொல் தாருங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து

பிள்ளை, சொல் இருக்கிறது: கடந்தை. மலையாளத்தில் கடன்னல், கன்னடத்தில் கணஜ. பழைய சொல் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? 'கடு' என்றால் நஞ்சு, நஞ்சுடையதால் கடந்தை ஆகியிருக்கலாம் என்பது என் ஊகம். முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவள் சொல்கிறேன், ஹோர்னட் என்பது வெஸ்பா என்ற ஒரு பேரினம் மட்டும்தான். கண்ணுக்குப் பின்னால் தலை அகன்றிருக்கும். நம் ஊரில் இரண்டு இனம். பெரியதற்கு உடல் கறுப்பு, வயிற்றில் ஒரே ஒரு மஞ்சள் பட்டை. மற்றதற்கு வயிற்றின் முன்பாதி மஞ்சள், பின்பாதி கறுப்பு. அதற்குத் தனிப்பெயர் வேண்டுமா, வேண்டாமா?

தஞ்சாவூரிலிருந்து

ரீச்சர் அம்மாவுக்கு வணக்கம். கடந்தை இங்கே செத்துப்போகவில்லை, 'கதண்டு' என்று உயிரோடுதான் இருக்கிறது. "கதண்டு கடித்து முதியவர் சாவு" என்று பத்திரிகையில் பார்க்கிறோமே! எழுத்து இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 'குளவி' பற்றியும் ஒன்று. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களில் குளவியும் வருகிறது, காட்டுமல்லிகை என்பார்கள். பூவுக்கும் பூச்சிக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? என் எண்ணம், தன் குழவிக்காக மண்ணில் வீடு கட்டுவதால் அது குழவி, பிறகு குளவி. மகள் சிரித்தது தட்டச்சுப் பிழையே அல்ல, வேர்ச்சொல்!

தெஹிவளையிலிருந்து

ஐயா, அப்படியென்றால் அம்மிக் குழவியும் மண்வீடு கட்டுமா?

கடந்தை என்று போட்டால் என் மகன் கடந்த காலம் என்று வாசிப்பான். எங்கள் மாடியில் காவலாளி "தெபரா!" என்று கத்தினால் தமிழ், சிங்களம், முஸ்லிம் என்று பார்க்காமல் எல்லோரும் ஓடுகிறோம். அதையே போடுங்கள். பாணும் கதிரையும் அலுமாரியும் போர்த்துக்கேயரிடம் வாங்கியவைதானே, பக்கத்து வீட்டுச் சொல்லுக்கு மட்டும் ஏன் தீட்டு? லத்தீனிலும் வெஸ்பா என்றால் வெறும் குளவிதான். இத்தாலிக்காரர் 1946-இல் ஸ்கூட்டருக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். வாப்பாவிடம் ஒன்று இருந்தது, சத்தமும் அப்படித்தான்.

வெள்ளவத்தையிலிருந்து, புதன்

நானா, சிரிப்பு வந்தது. ஆனால் 'தெபரா' இரண்டையும் சேர்த்து விழுங்குவதுதானே என் சிக்கல்?

மற்றவற்றை இப்படி வைத்திருக்கிறேன். மரத்தை மென்று கடதாசி மாதிரிக் கூடு கட்டுவது கடதாசிக் குளவி. ('தாட்குளவி' என்று தனிமடலில் எழுதியவருக்கு நன்றி, தாழ்ப்பாள் ஞாபகம் வருகிறது.) மண்ணில் கட்டுவது மண்குளவி. போன மாதம் என் யன்னல் திரைச்சீலைக் கம்பியின் பின்னால் அது கட்டியிருந்ததைச் சுரண்டினேன். பெருவிரல் அளவு மண் குழாய், உள்ளே பதினொரு சிலந்திகள், பச்சையும் சாம்பலுமாக. செத்தவை என்று நினைத்தேன். ஈர்க்குக் குச்சியால் தொட்டபோது ஒன்று காலை மடக்கியது.

பம்பலப்பிட்டியிலிருந்து

அதற்கு 'வேட்டுவன்' என்று பழைய பெயர் இருக்கிறது, பிள்ளை. புழுவைக் கொட்டக் கொட்டக் குளவியாகும் என்று சைவப் பிரசங்கத்தில் சொல்வார்களே, அந்தக் கதையின் நாயகன். உண்மையில் புழு குளவியாவதில்லை. கொட்டி மயக்கி, முட்டை இட்டு, மண்ணால் மூடிவிடும். முட்டையிலிருந்து வருவது அந்த இரையைத் தின்று வளரும். மண்குளவி என்பது வெறும் விவரணம், வேட்டுவன் ஒரு பார்வை.

ஹட்டனிலிருந்து

அக்கா, நடுவில் வருகிறேன். எங்கள் தோட்டங்களில் 'குளவிக்கொட்டு' என்று செய்தி வரும்போது, கொட்டியது பல தடவை குளவியே இல்லை. மரக்கிளையிலும் பாறையிலும் ஒற்றை அடையாகத் தொங்கும் பெரிய தேனீ அது, சிங்களத்தில் பம்பரா. கொழுந்து பறிக்கிறவர்கள் அதையும் குளவி என்றுதான் சொல்கிறார்கள். இது சொல் விளையாட்டு இல்லை. தேனீ கொடுக்கைத் தோலில் விட்டுவிட்டுப் போகும், அதை உடனே எடுக்க வேண்டும். குளவி விட்டுப் போகாது, அதே ஊசியால் திரும்பத் திரும்பக் குத்தும். உங்கள் வரைவில் 'குளவி கொட்டினால் கொடுக்கை அகற்றவும்' என்று இருக்கிறது. எதை அகற்றுவது?

வெள்ளவத்தையிலிருந்து, வியாழன் இரவு

தம்பி, அந்த வரியை வெட்டிவிட்டேன். ஆங்கிலத்திலும் அது தேனீ பற்றிய பெட்டியில்தான் இருந்தது, நான்தான் இடம் மாற்றியிருக்கிறேன்.

இனி முடியாது, கண் எரிகிறது. ஹோர்னட்டுக்குப் 'பெருங்குளவி'. படத்தின் கீழே சின்ன எழுத்தில் 'தெபரா'. மூன்று பேர் சரி என்கிறார்கள், ரீச்சர் இல்லை. மண்குளவி அப்படியே. ரீச்சருக்காக 'வேட்டுவன்' அடைப்புக்குறிக்குள்.

பம்பலப்பிட்டியிலிருந்து

அடைப்புக்குறி எனக்கு வேண்டாம். பெருங்குளவி என்றால் பெரிய குளவி, அவ்வளவுதான். மண்குளவியிலும் அங்குல நீளம் வருகிறதே, அதைப் பார்த்தும் சனம் ஓட வேண்டுமா? கடந்தை என்று ஒருமுறை அச்சில் வந்தால் மறுமுறை பழகிவிடும். என் வாக்கு அதற்குத்தான்.

ஹட்டனிலிருந்து

பெருங்குளவி என்று எங்கள் ஆட்கள் வாசித்தால் மரத்தில் தொங்கும் தேனீயைத்தான் நினைப்பார்கள், அக்கா.

வெள்ளவத்தையிலிருந்து, வெள்ளி

தெரியும் தம்பி. இது தொடர்மாடிக்கு மட்டும் 400 பிரதி. காலையில் அனுப்பிவிட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து

பயணத்தில் இருந்தேன், மன்னிக்கவும். 'கதண்டு' பற்றி இன்னொரு தரவு கிடைத்திருக்கிறது. அச்சுக்கு இன்னும் நேரம் இருக்கிறதல்லவா?