பாஸ்டர்ட்னு சொன்னா திட்டா பாராட்டா? வெளிநாட்டுல இருக்கிறவங்க சொல்லுங்க ப்ளீஸ்

மக்களே ஒரு ஹெல்ப். மெல்போர்ன்ல வேலைக்கு சேர்ந்து மூணு மாசம் ஆகுது, எவன் திட்டுறான் எவன் கொஞ்சுறான்னே புரியல. போன வாரம் ரோஸ்டர்ல எனக்கு லாங் வீக்கெண்ட் லீவு விழுந்துச்சு, பக்கத்து சீட்டுக்காரர் தோள்ல தட்டி "யூ லக்கி பாஸ்டர்ட்"ங்கிறார், எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு, நம்மூர்ல இதுக்கு மூக்கு உடைஞ்சிருக்கும். அவரோ சிரிச்சுக்கிட்டே டீ போட்டுத் தர்றார்!

நமக்கு 'ப்ளடி'ன்னா கோவத்துல வர்ற வார்த்தை, இங்க 'ப்ளடி குட்'னு சாப்பாட்டை பாராட்டுறாங்க. 2006ல ஆஸ்திரேலியா டூரிசம் விளம்பரத்துலயே "வேர் த ப்ளடி ஹெல் ஆர் யூ"ன்னு கேட்டு, பிரிட்டன் டிவில கொஞ்ச நாள் தடையே பண்ணாங்க. அமெரிக்காக்காரனுக்கு ப்ளடி பெருசா உறைக்காது, ஆனா அவன் இடுப்புல கட்டுற பைக்கு சர்வசாதாரணமா சொல்ற 'ஃபேனி பேக்'கை லண்டன்ல சொன்னா நெளியுறாங்க (அங்க ஃபேனின்னா பொண்ணுங்களோட அந்தரங்க உறுப்பு, அமெரிக்கால மாதிரி பின்பக்கம் இல்ல).

அடுத்த மாசத்துலருந்து பிரிட்டிஷ், அமெரிக்க டீமோட தினமும் கால் இருக்கு. 'பகர்' (bugger), 'டேம்' (damn), 'க்ராப்' (crap) மாதிரி திட்டு வார்த்தையெல்லாம் யார்கிட்ட ஓகே, யார்கிட்ட வாயே திறக்கக்கூடாது? அப்புறம் லக்கி பாஸ்டர்டுக்கு பதில் என்ன சொல்லணும்? நான் "தேங்க்யூ சார்"னுட்டேன், இன்னும் சிரிச்சுட்டு இருக்காங்க.