ரீ: சாலை விபத்து அட்டவணையில "சிவியரிட்டி"க்கு என்ன சொல் போடலாம்?

அண்ணே, வணக்கம். நம்ம சொல்தொகுதிக்காக, சாலை விபத்து அட்டவணையில வர்ற "சிவியரிட்டி" (severity, நேர் அர்த்தம் கடுமை)ங்கிற தலைப்புக்குத் தமிழ்ச் சொல் தேடுறோம்ல, அதுக்குத்தான் இந்தப் பதில்.

> "விபத்துத் தீவிரம்"னே போட்டுடலாமே, படிச்சா புரியுதுல்ல

வேணாம்ணே, அது தப்பான அர்த்தம் குடுக்கும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வருஷா வருஷம் போடுற அறிக்கையில இந்த காலம் (column) எதச் சொல்லுதுன்னா, பதிவான நூறு விபத்துக்கு எத்தன பேர் செத்தாங்கன்னு. அவ்ளோதான். வண்டி எவ்ளோ வேகமா மோதுச்சு, அடி எவ்ளோ பலமா பட்டுச்சுங்கிற கணக்கு இதுல எதுவும் இல்ல.

2022 கணக்கையே பாருங்க. உத்தரப்பிரதேசத்துல 41,746 விபத்து, 22,595 சாவு, அதாவது நூத்துக்கு 54. கேரளாவுல 43,910 விபத்து, 4,317 சாவு, நூத்துக்கு பத்து கூட வரல. விபத்து எண்ணிக்கை ரெண்டு எடத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். "தீவிரம்"னு போட்டா படிக்கிறவங்க உ.பி.ல நடக்குற விபத்தெல்லாம் அஞ்சு மடங்கு கோரம்னு நெனச்சுப்பாங்க. அங்க வேகமும் ஆஸ்பத்திரி தூரமும் ஒரு காரணமா இருக்கலாம், ஆனா சின்ன விபத்துல எத்தன, போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய் பதிவாகுதுங்கிறதும் இந்த எண்ணை மாத்திடும்.

நம்ம ஊர் பைபாஸ்லயே பாக்குறோம்ல, ஒரு பையன் மணல்ல சறுக்கி மீடியன்ல இடிச்சு கை ஒடஞ்சு ஜி.எச்.ல கட்டு போட்டுட்டு வந்தான், ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகல்) போட்டாங்க, ஆனா இன்சூரன்ஸ் கேக்கப்போறதில்லன்னு வீட்ல எஃப்.ஐ.ஆர். வேணாம்னுட்டாங்க, அதனால அந்த விபத்து போலீஸ் கணக்குல வராது. செத்திருந்தா போஸ்ட்மார்ட்டம் இல்லாம பாடியே குடுத்திருக்க மாட்டாங்க. சாவு தப்பாம பதிவாகும், காயம் விட்டுப்போகும், விகிதம் தானா ஏறிக்கும்.

இன்னொண்ணு, "தீவிர", "கடுமை" மாதிரி சொல்லெல்லாம் காயத்துக்கு வேணும்ணே. போலீஸ் தமிழ்ல கொடுங்காயம்னு ஏற்கனவே ஒரு நல்ல சொல் பொழங்குது, எலும்பு முறிவெல்லாம் அதுல அடங்கும். அதே அட்டவணையில பக்கத்து காலம் அதுதான். ரெண்டும் கொழம்பும்.

> அப்போ "உயிரிழப்பு விகிதம்"?

லட்சம் ஜனத்துக்கு இத்தன சாவுங்கிறதுக்கு அது ஏற்கனவே பொழக்கத்துல இருக்கே அக்கா. ரெண்டும் வேற வேற கணக்கு.

> நான் "நூற்றுச்சாவு"ன்னு யோசிச்சேன், சின்னதா இருக்கு

சின்னதா இருக்கு, ஆனா நூறு பேர் செத்துட்டாங்கன்னு காதுல விழுது தம்பி. பத்திரிகைக்காரங்க தலைப்புல போட்டா வம்பு.

என் பரிந்துரை: விபத்துச் சாவு விகிதம். முதல் தடவ வர்ற எடத்துல "நூறு விபத்துக்கு" சேத்து எழுதணும். சாவுங்கிற சொல் கொஞ்சம் முரடுன்னு சில பேர் சொல்லுவாங்க, எனக்கு அது தேவைன்னுதான் தோணுது. உயிரிழப்புன்னா எதோ தானா நடந்த மாதிரி இருக்கு. ஹெல்மெட் போடாம 2022ல மட்டும் 50,029 பேர் செத்திருக்காங்கண்ணே, அத மெதுவா சொல்ல வேண்டியதில்ல.

ஏன் இந்த ஒரு சொல்லுக்கு இவ்ளோ மல்லுக்கட்டுறேன்னா, பத்து வருஷப் போக்கே இதுலதான் தெரியுது. 2012ல நாடு முழுக்க 4,90,383 விபத்து, 1,38,258 சாவு, காயம் 5,09,667. 2022ல விபத்து 4,61,312, காயம் 4,43,366, ரெண்டுமே கொறஞ்சிருக்கு, ஆனா சாவு 1,68,491 ஆயிடுச்சு. விகிதம் 28.2ல இருந்து 36.5. தமிழ்நாட்டுலயும் அதே கதைதான், 24 பக்கம் இருந்தது 28 ஆச்சு. வெறும் விபத்து எண்ணிக்கைய வச்சு "கொறஞ்சிடுச்சு"ன்னு சொல்றவங்களுக்கு இந்த விகிதத்தக் காட்டணும், பதிவு விட்டுப்போறதையும் சேத்து சொல்லணும்.

சொல்தொகுதிக்கு இப்படிப் போடுறேன், திருத்தம் இருந்தா சொல்லுங்க:

விபத்துச் சாவு விகிதம் – பதிவான நூறு சாலை விபத்துக்கு இறந்தோர் எண்ணிக்கை. மோதலின் கடுமையைக் குறிக்காது. பதிவு முறை வேறுபடும் மாநிலங்களை இதை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது.

விளக்கத்துல மட்டும் "இறந்தோர்"னு வச்சிருக்கேன், அங்கயும் சாவுன்னே எழுதலாமா அக்கா?